முந்திரியை ஏன் ஓட்டோட விக்கிறதில்லை?

நிலக்கடலையை ஓட்டோட வாங்குறோம். பிஸ்தாவும் அப்படித்தான். முந்திரியை மட்டும் எந்த மளிகைக் கடையிலயாவது ஓட்டோட பாத்திருக்கீங்களா? (பண்ருட்டிக்காரங்க கை தூக்க வேண்டாம், உங்களுக்கு விஷயம் தெரியும்.)

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு மக்களே.

முந்திரி நம்ம மரமே இல்லை. பிரேசில் கடற்கரை மணல்ல வளர்ந்தது. அங்க துப்பி மக்கள் வச்ச பேரு 'அகாஜு'. போர்ச்சுகீசியர் வாயில அது 'காஜு' ஆச்சு. மலையாளத்துல பறங்கிமாவு, அதாவது பறங்கியர் கொண்டுவந்த மாமரம். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம்தான்.

எப்ப வந்துச்சு? இதுக்குச் சாட்சி ரெண்டு டாக்டர்கள். கோவாவுல இருந்த கார்சியா த ஓர்தா 1563-ல மூலிகைகள் பத்தி எழுதின பெரிய புத்தகத்துல முந்திரி இல்லை. கொச்சி அரச மருத்துவமனையில வேலை பாத்த கிறிஸ்தோபல் அகோஸ்தா, 1578-ல வந்த தன் புத்தகத்துல கொச்சித் தோட்டங்கள்ல இந்த மரத்தைப் பாத்ததா எழுதுறார். (அந்தக் காலத்து ஜி.எச். டாக்டர்!)

பருப்பு பெரிய ஏற்றுமதி வியாபாரமானது 1920-களுக்கு அப்புறம், கொல்லம் பக்கம். அதோட ஓட்டுக்குள்ள இருக்கிற பிரச்சினையும் பெருசாச்சு.

முந்திரி ஓட்டுக்குள்ள தேன்கூடு மாதிரி அறைகள். அதுல அனகார்டிக் அமிலம், கார்டால் எல்லாம் கலந்த காரமான எண்ணெய். தோல்ல பட்டா வெந்து கொப்புளம் போடும். சேராங்கொட்டை பட்டா வர்ற அதே மாதிரி. பெயிண்ட்டுக்கும் வண்டி பிரேக் லைனிங்குக்கும் போற எண்ணெய் இது.

1982-ல அமெரிக்காவின் பென்சில்வேனியாவுல சின்னப் பசங்க பேஸ்பால் அமைப்பு ஒண்ணு நிதி திரட்ட முந்திரிப் பொட்டலம் வித்தாங்க. மொசாம்பிக்ல இருந்து வந்த சரக்கு. ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தது. 54 பேருக்கு அரிப்பு, தடிப்பு. அரசு விசாரிச்சு அறிக்கையே வந்துச்சு.

கொஞ்சம் சாப்பிட்டதுக்கே அப்படின்னா, நாள் முழுக்க உடைக்கிறவங்களுக்கு?

அந்த வேலையில பெரும்பாலும் பெண்கள். சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கிட்டு உடைப்பாங்க. ஓபி-யில ஒரு அம்மா விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிஞ்சு வந்தாங்க. கிளவுஸ் போடச் சொன்னேன்.

"கிலோவுக்குத்தான் கூலி சார். கிளவுஸ் போட்டா கை ஓடாது, பருப்பும் உடைஞ்சிரும்."

களிம்பு எழுதிக் கொடுத்தேன். அந்த பதிலுக்கு என்கிட்ட மருந்து இல்லை.

ஊர்ல கொட்டை சுடுறவங்களுக்கு: புகையில நிக்காதீங்க, பிள்ளைங்களை ஓட்டைப் பல்லால கடிக்க விடாதீங்க. எண்ணெய் பட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க. கண்ணுல பட்டா தண்ணியில நல்லா கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.