பறங்கி தந்த பண்டமா, நம்மூர்ப் பண்டமா?

விடுதியில் நம்மோடு தங்கியிருந்த தூத்துக்குடிக்காரர்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு இரவு அவர்கள் ஊரிலிருந்து திரும்பும்போது, "லே, மக்ரூன் கொண்டாந்தியா?" என்றுதான் முதலில் கேட்போம். அப்பா அம்மா சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம்! பொட்டலம் பிரித்த ஐந்தாவது நிமிஷம் காலி. அந்தக் கூம்பு வடிவப் பண்டத்துக்குப் பின்னால் ஒரு கடல் வாணிப வரலாறே இருக்கிறது என்பது அன்று நமக்கு எங்கே தெரிந்தது?

"மக்ரூன் போர்த்துக்கீசியர் தந்தது" என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. நானும் பல காலம் அப்படித்தான் நம்பினேன். பண்டத்தைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

1530களில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றினார்கள். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாக வந்தது. மூன்று கொடிகளைப் பார்த்த ஊர் அது.

மக்ரூனில் மூன்றே சரக்குகள்தான். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. இதில் முந்திரி, போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்த மரம். மலையாளத்தில் அதற்குப் 'பறங்கிமாவு' என்றே ஒரு பெயர் உண்டு. ஆக, பருப்புக்கு அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் பெயர்? அது இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்த சொல். ஐரோப்பாவில் அதைப் பாதாம் பருப்பில் செய்தார்கள். இன்னொரு வேடிக்கை, போர்ச்சுகலின் பெயர்பெற்ற மடாலய இனிப்புகள் பெரும்பாலும் மஞ்சள்கருவில் செய்தவை. வெள்ளைக்கரு துணிக்குக் கஞ்சி போடப் போய்விட்டதாம், மிஞ்சிய மஞ்சள்கருவில் இனிப்பு செய்தார்களாம்! நம் மக்ரூனோ நேர் எதிர்.

பருப்பு ஒருவர் வழியில் வந்தது, பெயர் இன்னொருவர் வழியில் வந்தது. இரண்டையும் சேர்த்து, பாதாமுக்குப் பதில் முந்திரியைப் போட்டு, இன்று நாம் அறிந்த மக்ரூனாக ஆக்கியது நம்மூர் அடுப்படிகள்தான். "வெள்ளைக்காரன் கொடுத்தது" என்று ஒரே வரியில் சொல்லும்போது அந்தத் தொழிலாளிகளின் பங்கு மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அவர்கள் வேலை லேசானதல்ல. வெள்ளைக்கருவை அடிக்க அடிக்க அதிலுள்ள புரதம் விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். நுரை மலைபோல் எழும்பும். ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்தாலும் அதன் கொழுப்பு நுரையைக் கெடுத்துவிடும். முந்திரியிலும் எண்ணெய் உண்டு. எனவே அதன் பொடியைக் கடைசியில்தான், அதுவும் பூப்போலக் கலக்க வேண்டும். பிறகு காகிதக் கூம்பில் நிரப்பி, நுனி தூக்கலாக நிற்கும்படி தட்டில் பிழிவார்கள். சூடோ மிதமான சூடு. உண்மையில் அது சுடுவதல்ல, உலர்த்துவது. கடலோர ஈரக்காற்று பட்டால் சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அதனால்தான் கட்டிய பையை உடனே காலி செய்யச் சொன்னார்கள் போலும்!

சமீபத்தில் அங்கே ஒரு பேக்கரிக்குப் போயிருந்தேன். அடிக்கிற வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, பிழிவது இன்னும் கைதான். வயதான மாஸ்டர் ஒரே அளவில் வரிசையாகப் பிழிந்துகொண்டிருந்தார். "உங்களுக்கப்புறம் யாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "பையன் உங்களை மாதிரி இஞ்சினியருக்குப் படிக்கான் தம்பி" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அந்தப் பையன் அடுப்படிக்கே திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் படிக்கும் தம்பி தங்கையரிடம் ஒன்று கேட்கலாம். உங்கள் ஊர்ப் பண்டத்தை யார், எப்படி, எந்தப் பக்குவத்தில் செய்கிறார் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வையுங்கள். கொடி நாட்டியவர்களின் ஆண்டுகள் புத்தகத்தில் இருக்கின்றன. பிழிகிற கையின் பக்குவம் எங்கேயும் எழுதப்படவில்லை.

சங்கக் கூட்டத்துக்கு வரும் தூத்துக்குடி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுங்கையோடு வராதீங்கப்பா!