ஸ்டாண்டிலிருந்து செயலிக்கு

எங்கள் பக்கத்துப் பரளச்சி கிராமத்தில் வாடகைக் காரை ஒரு காலத்தில் மூன்று காரியங்களுக்குத்தான் கூப்பிடுவார்கள்: கல்யாணம், பிரசவம், சாவு. மற்றதற்கெல்லாம் பஸ். 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தபின் பெரிய பஸ் போகாத ஊர்களுக்கும் வழி பிறந்தது. ஆனால் நடுராத்திரி இடுப்புவலி எடுத்தால், கார் வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

நான் தொழில் பழகியது அருப்புக்கோட்டை கார் ஸ்டாண்டில், அம்பாசிடர் காரில். ஸ்டாண்டுக்குச் சந்தா உண்டு. முதலில் வந்து நின்ற வண்டிக்கு முதல் சவாரி. வரிசையை மீறினால் சண்டை வரும். பரளச்சிக்கு வாடகை பேசினால் ரிட்டர்னும் சேர்த்துத்தான் பேசுவோம், திரும்பி வர ஆள் கிடைக்காது. மிளகாய் விற்றதும் தருகிறேன் என்பவரிடம் நம்பிக் கடன் சொல்லவும் விடுவோம்.

இதற்கிடையில் 2009-இல் சான்பிரான்சிஸ்கோவில், போன் செயலியில் காரை அழைக்கும் உபர் தொடங்கியது. 2010-இல் இந்தியாவில் ஓலா வந்தது. 2013-இல் உபர் பெங்களூருக்கு வந்தது. வங்கி அட்டை இல்லாதவர்களும் ஏற வேண்டுமே என்று 2015-இல் ஹைதராபாத்தில் ரொக்கம் வாங்கத் தொடங்கினார்கள். அதன்பின் நானும் சென்னைக்குப் போய்ச் செயலியில் கார் ஓட்டினேன்.

அங்கே வரிசை கிடையாது. வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் போனிலுள்ள ஜி.பி.எஸ். சில நொடிக்கொருமுறை சொல்லிக்கொண்டிருக்கும். சவாரி கேட்டதும், யார் சீக்கிரம் போய்ச் சேருவார் என்று செயலி கணக்குப் பார்த்து அவருக்கு அனுப்பும். ஆள் கூடி வண்டி குறைந்தால் கட்டணம் ஏறும். அதில் கமிஷன் போக மிச்சம்தான் அப்போது டிரைவருக்குக் கிடைத்தது. 80 சதவீதமாவது டிரைவருக்குச் சேர வேண்டும் என்று 2020-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பேரம் ஒழிந்ததும், யார் வண்டியில் யார் போனார் என்பது பதிவாவதும் நல்லதுதான். தனியாகப் போகும் பெண்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் வாடகையைச் சொல்லும் உரிமை டிரைவர் கையைவிட்டுப் போய்விட்டது.

பக்கத்துப் பக்கத்தில் வண்டியும் ஆளும் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கரிசக்காடும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் எங்கள் பக்கத்துக்கு அது ஒத்துவராது.

2022-இல் பெங்களூரில் ஆட்டோ டிரைவர் சங்கத்தின் ஆதரவோடு நம்ம யாத்ரி என்ற வேறு மாதிரிச் செயலி வந்தது. கமிஷன் இல்லை. மறுவருஷம், நாளுக்கு 25 ரூபாய் கட்டினால் எத்தனை சவாரியும் ஓட்டலாம் என்று வைத்தார்கள். எங்கள் ஸ்டாண்டு சந்தாவும் இதே முறைதான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி டிரைவர்கள் சேர்ந்தால் நம் தாலுகாக்களுக்கும் இப்படி ஒன்றைக் கொண்டுவரலாம். பரளச்சியிலிருந்து காலியாகத் திரும்பும் கார், அந்த நேரத்தில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நிற்பவரின் போனில் தெரிந்தால் போதும். ரிட்டர்ன் வாடகைச் சுமை குறையும். ஸ்டாண்டில் நிற்கும் தம்பிமார்களே, பெரிய கம்பெனி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.