டிரங்குப் பெட்டியில் வந்த சரித்திரம்

உத்தியோகத்தின் பொருட்டுத் தென்னாட்டை விட்டு வந்த நம்மவர்கள் டிரங்குப் பெட்டிகளில் சுமந்து வந்த பொருள்கள் பலவாகும். வாணலியும் இட்லிக் கொப்பரையும் அன்றாட உபயோகத்தில் தேய்ந்து போயின. துணியில் முடிந்து அடியில் வைக்கப்பட்டவை மட்டும் அப்படியே இருந்தன. அவற்றுள் சிலவற்றைச் சென்ற தை மாதத்து ஞாயிறு மாலையொன்றில் நமது சங்கக் கூடத்து மேசை மீது காணும் வாய்ப்புக் கிட்டியது. பழம்பொருள்களை மதிப்பிடுவதில் நீண்ட பழக்கமுடைய அன்பர் ஒருவர், செயற்குழுவின் அழைப்பிற்கிணங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு தராசுமாக வந்து அமர்ந்திருந்தார். அவர் வாயிலாகக் கேட்டவற்றையும் பின்னர் நூல்களில் தேடிக் கண்டவற்றையும் ஈண்டு எழுதலானேன்.

முதலில் வந்தவர் நம் குடியிருப்பில் அனைவரும் மாமா என்றழைக்கும் ஓய்வு பெற்ற பெரியவர். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் செப்புக் காசு ஒன்றை வைத்தார். ஒரு புறம் இராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818 என்னும் பொறிப்பு. இக்காசு அரிசியைத் தன்பால் இழுக்கும் என்றும், பல இலட்சம் பெறும் என்றும், பதிவுக் கட்டணமாக 40,000 ரூபாய் முன்பணம் கட்டினால் வாங்குவோரைக் காட்டுவதாகவும் எவரோ தொலைபேசியில் கூறியிருந்தனராம். பேத்தியின் கல்லூரிச் செலவிற்கு மாமா இதையே நம்பியிருந்தார்.

“பணம் கட்டிவிட்டீர்களா, மாமா?” என்றார் அன்பர்.

“நாளைக்குத்தான் பாங்கிக்குப் போக வேண்டும்.”

“போகாதீர்கள்.”

கம்பெனியார் இத்தகைய அரை அணாவை எந்நாளும் அடித்ததில்லை. கோயில் வாயில்களில் விற்கப்படும் இராம டங்கா என்னும் வழிபாட்டு வில்லைகளைப் பின்பற்றிப் பிற்காலத்தில் செய்யப்பட்டவை இவை. சிலவற்றில் 1616 என்றுகூடப் பொறித்திருப்பார்கள். கம்பெனியார் சென்னையில் காலூன்றியதே 1639-இல்தான் என்பதைச் செய்தவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தெய்வ உருவம் தாங்கிய காசுகளைக் கம்பெனியார் மெய்யாகவே வெளியிட்டனர். ஆனால் அவை பொன். சென்னை நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட மூன்று சுவாமி வராகனில் வேங்கடேசுவரரும் இரு தேவியரும் நிற்பர். நட்சத்திர வராகனில் ஒரு புறம் திருமால். மறுபுறம் புள்ளிகளின் நடுவே ஐந்து முனை நட்சத்திரம். எடை ஏறத்தாழ 3.4 கிராம். வெள்ளைக்கார வணிகர் நம் தெய்வங்களைப் பொறித்தது பக்தியினால் அன்று. விஜயநகர காலந்தொட்டு மக்கள் பழகிய உருவம் இல்லாத காசைச் சந்தையில் வாங்குவார் இல்லை. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது சென்னைக் கணக்கு. இதற்கு முடிவு வந்த ஆண்டும் 1818 தான். அவ்வாண்டில் வெள்ளி ரூபாயே சென்னை மாகாணத்தின் நிலையான நாணயமாக்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதமும் வகுக்கப்பட்டது.

அடுத்து வந்தது சரஸ்வதி படம். இரவி வர்மா தம் கையால் தீட்டியது என்பது அவ்வீட்டார் மூன்று தலைமுறையாகக் கொண்டிருந்த நம்பிக்கை. உருப்பெருக்கியின் கீழ்த் தூரிகைத் தடம் காணவில்லை. நுண்ணிய வண்ணப் புள்ளிகளே தெரிந்தன. கல்லச்சுப் படம்! ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிச் சுண்ணாம்புக்கல்லில் உருவமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. படங்களை இவ்வாறு அச்சில் ஏற்றிப் பரப்பலாம் என்று ஓவியருக்கு யோசனை கூறியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவ ராவ். 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. பின்னர் அது லோணாவ்ளாவை அடுத்த மளவ்லிக்கு மாறி, ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியர் கைக்குச் சென்றது. 1906-இல் இரவி வர்மா மறைந்த பின்னும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அரண்மனையில் மட்டும் இருந்த சரஸ்வதி நம் பாட்டிமார் கூடத்திற்கு வந்தது இவ்வழியேதான்.

அப்படத்தின் சேலை மீது அவ்வீட்டுப் பாட்டி ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்திருந்தார். கெடுத்துவிட்டாரே என்று மருமகள் வருந்த, இவ்வாறு அலங்கரித்த படங்களையே விரும்பித் தேடுவோர் உண்டு என்றார் அன்பர். அந்த அம்மையாரின் முகம் மலர்ந்ததைக் காண வேண்டுமே!

தஞ்சாவூர்ப் படமும் ஒன்று வந்தது. பலாப்பலகையும் பொன் ரேக்கும் சரியாகவே இருந்தன. வயதுதான் முப்பதைத் தாண்டாது. மற்றவற்றில் விரித்துரைக்க ஒன்றுமில்லை.

சட்டம் ஒன்றையும் அன்பர் நினைவூட்டினார். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும், எழுபத்தைந்தாண்டு கடந்த மதிப்புடைய ஏட்டுச்சுவடியும் தொல்பொருளாகும். தனியார் எவரும் அவற்றை அயல்நாட்டிற்கு அனுப்பலாகாது. பழைய சிலைகளும் ஓவியங்களும் வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். அமெரிக்காவிலுள்ள பிள்ளைக்கு வீட்டுப் பழஞ்சிலையைக் கொடுத்தனுப்ப எண்ணியிருந்த ஓர் அங்கத்தினர் இதைக் கேட்டதும் இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்து அமர்ந்தார்.

மாமா மறுநாள் பாங்கிக்குப் போகவில்லை. காசு மீண்டும் பூஜை மாடத்திற்கே சென்றது. மாமிக்கு அதில் வருத்தமில்லை. பேத்திக்காகச் சங்கத்தின் கல்வி நிதிக்கு மனுச் செய்யுமாறு காரியதரிசி அவரிடம் இருமுறை சொல்லியிருக்கிறார். இம்மலர் அச்சுக்குப் போகும் வரையில் மனு வந்து சேரவில்லை.