தாயின் நேரமும் சேயின் நாவும்

'தால்' என்பது நாவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று பெயர் வந்தது என்பர். தொட்டிலை ஆட்டும் கையினும் பாடும் நாவுக்கே நம் முன்னோர் முதன்மை அளித்தனர் என்பதை இப்பெயர் உணர்த்துகிறது. பிள்ளைத்தமிழும் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாக வகுத்தபோது தாலுக்கு ஒரு பருவத்தை ஒதுக்கிற்று. ஆயின் அவ்விலக்கியத்தின் பாட்டுடைத் தலைவர்கள் தெய்வங்களும் மன்னர்களும் சமயப் பெரியார்களுமே. உழவன் மகனும் கூலிக்காரி மகளும் பேசப் பழகிய கதை அங்கே பாடப்படவில்லை. அக்கதையை நாம் ஆலைகளின் வரலாற்றிலும் சுகாதார அறிக்கைகளிலும் ஆய்வாளரின் குறிப்பேடுகளிலுமே தேட வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தேடுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வீட்டில் குழந்தையின் மொழி வளர்வதற்குப் பெற்றோரின் அன்பும் அறிவும் வேண்டும். ஆனால் அவ்விரண்டும் செயற்படுவதற்கு முதலில் நேரம் வேண்டும். அந்த நேரம் யாருடைய உடைமையாக இருந்தது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

ஐரோப்பாவில் வீட்டையே முதற் பள்ளியாகக் கண்டு எழுதியவர்களுள் முக்கியமானவர் கொமெனியுஸ். 1592ஆம் ஆண்டு மொராவியாவிற் பிறந்த அவர், மதப்போரினால் நாடிழந்து போலந்தின் லெஸ்னோ நகரில் அகதியாக வாழ்ந்தார். தாய்மடிப் பள்ளியைப் பற்றிய அவரது நூல் 1633இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. லத்தீன் மொழியே கல்வி எனக் கருதப்பட்ட அந்நாளில், பிறப்பிலிருந்து ஆறு வயது வரை குழந்தை தாய்மொழியிலேயே வளரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கண்ணெதிரே காணும் பொருள்களின் பெயர்களைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தல், விளையாட்டோடு கூடிய சிறு பாட்டுகள், கதைகள் என்று அவர் காட்டிய வழிகள் இன்றும் பழுதுபடவில்லை. 1658இல் அவர் வெளியிட்ட படநூல், சொல்லையும் பொருளின் படத்தையும் அருகருகே வைத்துச் சிறுவர் நூல்களுக்கு வழிகாட்டியாயிற்று. எனினும் கொமெனியுஸ் மனத்திற் கொண்ட தாய், குழந்தையின் அருகில் இருப்பவள். பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே நடைபெற்ற காலம் அது. தாயின் கை வேலையில் இருந்தாலும் வாய் குழந்தையோடு இருக்க முடிந்தது.

ஆலைகள் தோன்றியபோது இந்நிலை குலைந்தது. பருத்தி ஆலைக்குள் தாய் புகுந்தாள். குழந்தை வெளியே நின்றது. சில இடங்களிற் குழந்தையும் ஐந்தாறு வயதிலேயே உள்ளே இழுக்கப்பட்டது. இந்தச் சூழலிலேதான் ஸ்கொத்லாந்தின் நியூ லானார்க் ஆலையை நடத்திய றொபேட் ஓவன், 1816ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொழிலாளரின் பிள்ளைகளுக்கெனக் கல்விநிலையம் ஒன்றைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு ஓவன் அமர்த்திய ஆசிரியர் ஜேம்ஸ் புக்கனன் என்னும் எளிய நெசவாளி. துணையாக மொலி யங் என்ற இளம்பெண். அடிக்கவும் அதட்டவும் கூடாது. இனிய குரலிலேயே பேசவேண்டும். புத்தகத்தைக் கொண்டு குழந்தைகளை வருத்தாமல், சுற்றியுள்ள பொருள்களைக் காட்டி, அவர்கள் கேட்கும்போது விளக்கம் சொல்லவேண்டும் என்பன ஓவனின் கட்டளைகள். பறிபோன வீட்டுப் பேச்சை வேறோரிடத்தில் மீட்டுக் கொடுக்கும் முயற்சி இது எனலாம். ஆலை முதலாளி ஒருவரின் நல்லெண்ணத்தில் தங்கியிருந்ததே இதன் குறைபாடு. ஏனைய ஆலைகளின் பிள்ளைகளுக்கு ஓர் ஓவன் வாய்க்கவில்லை.

அவர்களுக்கு வாய்த்தது அபின் கலந்த மருந்து. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளை அழாது உறங்கவைக்க 'கொட்பிறியின் மருந்து' போன்ற கலவைகள் புகட்டப்பட்டதை இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ அறிக்கைகள் பதிவு செய்தன. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் அவ்வறிக்கைகளை எடுத்தாள்கின்றார். அங்கே அவர் சுட்டும் ஒரு செய்தி சிந்தனைக்குரியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் 1861 முதல் 1865 வரை பருத்தி வரவு தடைப்பட, லங்காஷயர் ஆலைகள் முடங்கின. தொழிலாளர் பட்டினி கிடந்தனர். அவர்களின் நிலையை ஆராய அனுப்பப்பட்ட டாக்டர் எட்வேட் ஸ்மித் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். தாய்மாருக்கு நேரம் கிடைத்ததால், குழந்தைகளுக்கு அபின் மருந்துக்குப் பதிலாகத் தாய்ப்பால் கிடைத்தது. வேலை இழந்து பட்டினி கிடந்தாலன்றித் தன் குழந்தையை மடியில் வைத்திருக்க முடியாத நிலைக்கு ஒரு சமுதாயம் தாயைத் தள்ளியிருந்தது. மயங்கிக் கிடக்கும் குழந்தையிடம் எவரும் பேசுவதில்லை. அதுவும் எவரையும் அழைப்பதில்லை. அபின் மருந்து பறித்தது பாலை மட்டுமன்று, பேச்சையுந்தான்.

அதே இங்கிலாந்தில், அதே நூற்றாண்டில், வேறொரு வீட்டையும் காண்போம். 1839 டிசம்பரிற் பிறந்த தன் மூத்த மகனின் வளர்ச்சியைச் சாள்ஸ் டார்வின் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1877இல் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அக்குழந்தை உணவுக்கு 'மம்' என்று தானே ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டதையும், அச்சொல்லின் இறுதியில் வினாவோசை ஏறியதையும் அவர் குறித்துள்ளார். நம் குழந்தைகளின் 'மம்மம்' நினைவுக்கு வருகிறதல்லவா? தாம் வேண்டியதைத் தாமே பெயரிடும் ஆற்றல் டார்வினின் மகனுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகனுக்கும் பொதுவானது. அந்த முதற் சொல்லைக் கேட்டு மகிழ்ந்து மறுமொழி கூற ஒருவர் அருகில் இருந்தாரா என்பதிலேயே வேறுபாடு இருந்தது.

மறுமொழியின் முக்கியத்துவத்தை அறிவியல் அடிப்படையில் நிலைநாட்டியவர் சோவியத் உளவியலாளர் விகொட்ஸ்கி. அவர் காலமான 1934ஆம் ஆண்டிலேயே 'சிந்தனையும் மொழியும்' வெளிவந்தது. குழந்தை முதலிற் பிறரோடு பேசுகிறது. அப்பேச்சே பின்னர் தனக்குத்தானே பேசும் பேச்சாகி, ஈற்றில் ஓசையற்ற உட்பேச்சாகிச் சிந்தனைக்குக் கருவியாகிறது என்பது அவர் முடிபு. மனிதரிடையே நிகழ்வதே மனத்துள்ளே குடிபுகுகிறது. 1936இல் குழந்தையியல் துறையைச் சோவியத் ஆட்சி கண்டித்ததன் பின்னர் விகொட்ஸ்கியின் எழுத்துகள் ஒதுக்கப்பட்டு, 1956இலேயே இந்நூல் மீண்டும் அச்சேறியது என்பதையும் நாம் மறைக்கலாகாது. அதே 1956இல் அவரது தோழர் லூறியாவும் யூதோவிச்சும் ஐந்து வயது இரட்டைச் சிறுவர் இருவரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பெரும்பொழுதும் தமக்குள்ளேயே விளையாடிய அவ்விருவரும் பிறருக்கு விளங்காத ஒருவகைப் பேச்சைப் பேசினர். பாலர் பள்ளியில் இருவரையும் வெவ்வேறு குழுக்களிற் சேர்த்து, மற்றவர்களோடு பேசியே தீரவேண்டிய நிலையை உண்டாக்கியதும், மூன்று மாதங்களுக்குள் அவர்களின் பேச்சு மட்டுமன்றி விளையாட்டும் சிந்தனையும் வியக்கத்தக்க மாற்றம் பெற்றன.

இந்த உண்மையை வறியவருக்கு எதிராகத் திருப்பவும் முடியும் என்பதைப் பிற்கால அமெரிக்கா காட்டியது. பெற்றி ஹார்ட், ரொட் றிஸ்லி என்னும் இருவர் கன்சாஸ் மாநிலத்தில் 42 குடும்பங்களை இரண்டரை ஆண்டுகள், மாதம் ஒரு மணி நேரமாக அவதானித்து 1995இல் ஒரு நூல் வெளியிட்டனர். உயர்தொழில் புரிவோரின் குழந்தை மணிக்குச் சராசரி 2,153 சொற்களையும், அரச உதவியில் வாழும் குடும்பத்தின் குழந்தை 616 சொற்களையும் கேட்கிறது என்றனர். அதிலிருந்து, நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைந்துவிடுகின்றன என்று கணக்கிட்டனர். உடனே ஏழைத் தாய் பேசத் தெரியாதவள் என்ற பழி எழுந்தது. ஆனால் அரச உதவி பெற்ற குடும்பங்களாக அவர்கள் பார்த்தவை ஆறு மட்டுமே. டக்ளஸ் ஸ்பெரி முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டி, அண்ணன், அக்கா என்று குழந்தையைச் சூழ்ந்த அனைவரின் பேச்சையும் கணக்கிட்டபோது அத்தகைய பெரும் பள்ளம் காணப்படவில்லை. ஒரே வர்க்கத்துக் குடும்பங்களுக்குள்ளேயே பெரும் வேறுபாடுகள் தோன்றின. ஏழையின் வீட்டில் மொழி இல்லை என்பது பொய். அங்கே பேச்சுக்கு இடைவெளி தராத உழைப்பு இருக்கிறது என்பதே மெய்.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நமது மலையகத்தில், இருள் பிரியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் சென்றாள். மலையேற இயலாத முதியவள் ஒருத்தி அங்கே பல குழந்தைகளைக் காத்தாள். கொழுந்து நிறுத்து, விறகு சுமந்து, லயத்துக்குத் திரும்பி, அடுப்பு மூட்டும்போது குழந்தை உறங்கியிருக்கும். 1984ஆம் ஆண்டு வரை அத்தாயின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திலும் குறைவாகவே இருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. அதுவும் பல தோட்டங்களில் ஏட்டளவில் நின்றது. ஆறு வயதுக்கு முந்திய காலமோ எவருடைய பொறுப்பும் அன்று. இத்தனைக்கும் நடுவே அம்மக்கள் தம் பாட்டையும் கதையையும் காத்தனர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுக்க முடிந்ததென்றால், களைத்த நாவுகள் அவற்றைப் பிள்ளைகளின் காதுகளிற் சேர்த்திருந்தமையே காரணம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் இரண்டு. முதலாவது, பெற்றோரிடம் பேசும் முறை பற்றியது. 'உங்களுக்குப் படிப்பில்லை, பிள்ளை எப்படிப் பேசும்?' என்று கேட்கும் வாயை நாம் மூடவேண்டும். எழுத்தறியாத தாயும் அரிசி களையும்போது அரிசியைப் பற்றிப் பேசலாம்; பிள்ளை 'காகம்' என்றால் 'ஓம், காகம் பறக்குது, எங்கே போகுது?' என்று நீட்டலாம். கேட்டபின் விடைக்காகச் சற்றுப் பொறுத்திருக்கலாம். மூத்த பிள்ளை தன் வாசிப்புப் புத்தகத்தைத் தம்பி தங்கைக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். பாட்டியின் கதை வீண்பொழுதன்று. தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்திற் பிள்ளையோடு முடங்கிய பேச்சுப் பேசும் நகரத்துப் பெற்றோருக்கு, தம் சொந்த மொழியின் நிறைந்த பேச்சே பின்னர் எந்த மொழியைக் கற்பதற்கும் அடித்தளம் என்று எடுத்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது பாடம் இதனிலும் கடினமானது. பேசுங்கள் என்று தாய்க்கு அறிவுரை கூறிவிட்டு, அவளுடைய பகலையும் இரவையும் விழுங்கும் வேலைமுறையைப் பற்றி வாய் திறவாதிருப்பது நேர்மையன்று. மகப்பேற்று விடுமுறை, பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் பிள்ளைக் காப்பகம், இரண்டாம் வேலை தேடாமல் வாழப் போதிய சம்பளம், வீட்டு வேலையில் தந்தையின் பங்கு ஆகியவற்றைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கைகளாக வைத்து வந்துள்ளன. மொழியை நேசிப்போரும் அவற்றைத் தம் கோரிக்கைகளாகக் கொள்ளவேண்டும். தமிழ் வளர்ச்சியைப் பற்றி மேடைகளில் நாம் மிகப் பேசுகிறோம். மாலையில் வேலை முடிந்து வரும் தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளையோடு பேச ஒரு மணி நேரம் மிஞ்சுமாயின், தமிழ் அங்கே வளரும்.