ஹோமுக்கு மார்க் போடறது எப்படி?

"நல்ல ஹோம் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்களேன்." கோயமுத்தூர்ல நாலு பேர் உட்கார்ந்து பேசற இடத்துல இந்தப் பேச்சு இப்பல்லாம் தவறாம வந்துடுது. பையன் அமெரிக்காவுல, பொண்ணு பெங்களூருல, அம்மா மட்டும் தனியா. சிறுவாணித் தண்ணி, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரிகள். வடவள்ளி, துடியலூர் பக்கமெல்லாம் முதியோர் குடியிருப்புகள் வந்ததுக்குக் காரணம் கேட்கவே வேண்டாம்.

சரி, நல்ல ஹோம்னா என்ன? எதை வச்சு மார்க் போடறது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்குங்க. அதுல நம்ம பொள்ளாச்சியும் வருது.

முதல்ல இங்கிலாந்து. ஏழை முதியவர்களை அடைச்சு வச்ச பழைய விடுதிகளுக்கு 1948-ல வந்த தேசிய உதவிச் சட்டம் முடிவு கட்டும்னு அங்க நம்பினாங்க. பத்து வருஷம் கழிச்சு பீட்டர் டவுன்செண்ட்ங்கற சமூகவியலாளர் கிளம்பி, 173 விடுதிகளை நேர்ல போய்ப் பார்த்தார். ஒரு இடத்துல பெரியவங்களைக் குளிப்பாட்டற ஆளாவே கொஞ்ச நாள் வேலை செஞ்சார். பல இடங்கள்ல போர்டுதான் மாறியிருந்தது. கட்டடமும் பழக்கவழக்கமும் அப்படியே! 1962-ல 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' புத்தகமா அதை எழுதினார். கட்டட வசதியோட நிறுத்தாம, அங்க இருக்கறவங்களுக்கு அன்றாட வாழ்க்கையில எவ்வளவு சுதந்திரம் இருக்குன்னும் கணக்குல சேர்த்தார்.

1966-ல அவேதிஸ் டொனபேடியன்ங்கற டாக்டர், மருத்துவத்தோட தரத்தை மூணு பங்காப் பிரிச்சுப் பார்க்கச் சொன்னார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. நம்ம பாஷையில சொன்னா கல்யாண சமையல் மாதிரி. பாத்திரம், அடுப்பு, ஆள் எத்தனைங்கறது அமைப்பு. எப்படிச் சமைக்கறாங்கங்கறது செயல்முறை. சாப்பிட்டவங்க வயிறு என்ன சொல்லுதுங்கறது விளைவு. பாத்திரத்தை மட்டும் எண்ணிட்டு சமையல் நல்லாருக்குன்னு சொல்ல முடியுமா? ஹோம் விஷயத்துல பெரும்பாலும் நாம அதைத்தான் செய்யறோம்.

இப்ப தமிழ்நாடு. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வச்சிருந்த ஒரு தனியார் காப்பகத்துல விடிகாலையில தீப்பிடிச்சது. கீத்துக் கொட்டகை. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியில கட்டியிருந்தாங்க. 28 பேர் செத்துப் போனாங்க. உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாவே வழக்கை எடுத்துது. இதுல என்னை உலுக்கற விஷயம் ரெண்டு. ஒண்ணு, மனநலக் காப்பகம் நடத்த லைசென்ஸ் வேணும்னு 1987-லயே சட்டம் இருந்தது. ரெண்டாவது, அந்தச் சங்கிலி ஒண்ணும் ரகசியம் இல்லை. கொண்டு வந்து விட்ட சொந்தக்காரங்களும் பார்த்தாங்க, தர்காவுக்கு வந்து போனவங்களும் பார்த்தாங்க. ஓடிப் போகாம இருக்கணுமேன்னு அதையே பாதுகாப்புன்னு எடுத்துக்கிட்டாங்க. எந்த விதத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுத 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது.

நடுவுல, 2007-ல பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்குக் குறைஞ்சது ஒரு முதியோர் இல்லம், ஆதரவில்லாத 150 பேராவது தங்கற மாதிரி, அரசு 'அமைக்கலாம்'னு அதோட 19-ஆவது பிரிவு சொல்லுது. அமைக்க வேண்டும்னு சொல்லலை, கவனிங்க.

அப்புறம் நம்ம ஊர். 2014 ஜூன், பொள்ளாச்சி. ஒரு விடுதியில தங்கிப் படிச்ச ரெண்டு சிறுமிகள் ராத்திரி நேரத்துல பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. மாநிலமே கொதிச்சுது. அதே வருஷம் பெண்கள், குழந்தைகள் தங்கற விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தற சட்டம் வந்தது. உரிமம் இல்லாம நடத்தினா தண்டனை. வேண்டிய சட்டம்தான், மறுக்கலை. ஆனா வரிசையைப் பாருங்க. ஏர்வாடி எரிஞ்சப்புறம் ஒரு தேடல், பொள்ளாச்சிக்கு அப்புறம் ஒரு தேடல். முதல்ல உயிரோ மானமோ போகணும், பின்னாடிதான் அதிகாரி வர்றார். அப்பவும் லைசென்ஸ் இருக்கா, சுவர் இருக்கா, கேமரா இருக்கான்னு அமைப்பையே எண்ணறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உள்ள என்ன நடக்குதுங்கறது காகிதத்துல வர்றதே இல்லை.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. 1987-ல வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டப்படி, ஆய்வாளர் சொல்லாம கொள்ளாம வருவார். தங்கியிருக்கறவங்களையே கேட்பார். தேவையில்லாம யாரையும் கட்டி வைக்கக் கூடாதுங்கறது அவங்க உரிமை ஆச்சு. அதுக்கப்புறம் கட்டி வைக்கற வழக்கம் நல்லாவே குறைஞ்சுது. அங்க எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்லலை. கேள்வியை யார்கிட்ட கேட்கணும்னு அவங்க கண்டுபிடிச்சாங்க, அவ்வளவுதான்.

ஹோம் பார்க்கப் போறவங்களுக்கு, இந்த வரலாற்றுல இருந்து நான் எடுத்துக்கிட்டதைச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் போகாதீங்க, அது எல்லா ஹோமும் குளிச்சுப் பவுடர் போட்டு நிக்கற நேரம். சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்க, சொல்லாமப் போங்க. ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்குன்னு கேளுங்க. சமையல்காரர் வீட்டுக்குப் போகணும்னு ஆறு மணிக்கே போட்டுட்டா, மறுநாள் காலை எட்டு வரைக்கும் பதினாலு மணி நேரம். சர்க்கரை இருக்கற அம்மாவுக்கு அது ஆபத்து. மாசா மாசம் எடை பார்த்து எழுதற நோட்டு இருக்கா? படுக்கைப் புண் எத்தனை பேருக்கு? போன மாசம் யார் யார் விழுந்தாங்க? "யாருமே விழலைங்க"ன்னு பதில் வந்தா, நோட்டே இல்லைன்னு அர்த்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிச்சா யார் வருவாங்க, அவங்களுக்குத் தமிழ் புரியுமா?

கடைசியா, அங்க இருக்கற ஒரு பெரியம்மாகிட்ட, மேனேஜர் பக்கத்துல இல்லாதப்ப ஒரே ஒரு கேள்வி: "அரிசிம்பருப்பு சாப்பிடணும்னு தோணினா என்னங்க பண்ணுவீங்க?" சட்டுனு பதில் சொன்னாங்கன்னா நல்லது. சுத்திமுத்தி யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டு அப்புறம் பேச ஆரம்பிச்சாங்கன்னா, தரை கிரானைட்டா டைல்ஸான்னு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கிளம்பிடுங்க.