புல்லட்டும் பேட்டரியும் – நம் திருவொற்றியூர் சொல்லும் ஒரு வரலாறு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், ரெண்டு வருஷத்துல பைக் பேட்டரி போயிடுச்சு. அந்தக் காலத்து வண்டி பேட்டரியே இல்லாம ஓடுச்சே, இப்ப ஏன் இப்படி?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே, 1859இல். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்தால் மின்சாரத்தைச் சேமிக்கலாம், தீர்ந்தால் மறுபடி ஏற்றலாம் என்று காட்டினார். 1881இல் காமில் ஃபோர் தகட்டில் ஈயப் பசையைப் பூசி, அதிக மின்சாரம் பிடிக்கும்படி செய்தார். இன்று உங்கள் சீட்டுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் அதே வித்தைதான். ஒரு அறைக்குச் சுமார் 2 வோல்ட். மூன்று அறை என்றால் 6 வோல்ட், ஆறு அறை என்றால் 12 வோல்ட்.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு பேட்டரி கட்டாயம் இல்லை. தீப்பொறிக்கு மேக்னெட்டோ, வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. மின்விளக்கும் காயில் இக்னிஷனும் பரவலான பிறகு பேட்டரி வண்டியின் நிலையான உறுப்பாயிற்று.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது. நம்ம ஊர் ஆலை நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு ஹெட்லைட் மேலே இருந்த அம்மீட்டர் நினைவிருக்கும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, அந்த முள் நடுவுக்கு வந்ததும் ஓங்கி உதைப்பார்கள். முள் நடுவில் நின்றால் காண்டாக்ட் பாயின்ட் திறந்துவிட்டது என்று பொருள். அதாவது, அந்த வண்டியிலேயே தீப்பொறிக்கு பேட்டரி தேவைப்பட்டது. முள்ளைப் பார்த்தே சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பெட்ரோல் பம்புக்கும் உள்ளே இருக்கும் குட்டிக் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். முன்பு வெளிச்சம் தந்த பேட்டரி இன்று எஞ்சினுக்கே சோறு ஊட்டுகிறது. பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. அதனால்தான் பேட்டரி போனால் வண்டியே படுத்துவிடுகிறது.

கேள்வி கேட்ட மாணவருக்குச் சில குறிப்புகள்:

1. மீட்டர் வைத்துப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ். எஞ்சினை முறுக்கும்போது ஏறக்குறைய 14 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு சார்ஜிங்கில். புது பேட்டரி போட்டாலும் அதுவும் சாகும்.

2. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ். அதைக் கழற்றாமல் பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்து அது ஃபிரேமில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

3. மூடி திறக்கும் பேட்டரியில் அளவுக்கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். குறைவது தண்ணீர்தான். சீல் செய்த பேட்டரியைத் திறக்கவே கூடாது.

4. எண்ணூர், காசிமேடு உப்புக் காற்று டெர்மினலை அரிக்கும். துடைத்துப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

5. சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படியும். பேட்டரி சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணம் இது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். செத்த பேட்டரியைக் காயலான் கடையில் போட்டால் நாலு காசு கிடைக்கும். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைச் சந்துக்குள் உடைத்து உருக்கினால் தூசி மண்ணில் படியும், அந்த மண்ணில் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தக்கார் நகர ஓரத்தில் தியரோய் என்ற கடலோரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பழைய பேட்டரி ஈயத்தால் 2007-08இல் சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் நம்ம குப்பம் போன்ற இடம்தான். உயிர் போகாவிட்டாலும் ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2001இலேயே பழைய பேட்டரியை டீலர் திரும்பப் பெற வேண்டும் என்று நம் நாட்டில் விதி வந்தது. 2022இன் புதிய விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்தன. ஆகவே, புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். காயலான் கடையில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தாலும் வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டிய ஒரு பிள்ளையின் மூளை அதைவிடப் பெரிது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்