வயல் நடுவே ஒரு தீவு

தீவு என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனத்தில் அலையோசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்க வேண்டும். நடுவே நிலம் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் முனையில் ஒரு கரடுமுரடான பாறை கடலை முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால், கடலையே கண்டிராத தீவுகளும் உலகில் உண்டு. வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானிய மண்ணியல் அறிஞர், கிழக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி 1900-இல் எழுதியபோது, சமவெளியின் நடுவே தன்னந்தனியாக எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளுக்கு ஒரு பெயர் சூட்டினார். அந்த ஜெர்மன் சொல்லைத் தமிழாக்கினால் 'தீவு மலை' என்று வரும். சுற்றிலும் இருந்த மெலிந்த கல்லும் மண்ணும் யுக யுகமாக மழையிலும் வெயிலிலும் கரைந்தோடிவிட, கரைய மறுத்த வைரம் பாய்ந்த கல் மட்டும் மிஞ்சி நிற்பதுதான் தீவு மலை. மலை வளர்வதில்லை, தரைதான் தாழ்கிறது. மனிதர்களில்கூடச் சில பெரியவர்கள் இப்படித்தான் உயர்ந்து தெரிகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது வேறு கதை.

திண்டுக்கல் அத்தகைய ஒரு தீவு. ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தப் பாறையால்தான். திண்டைப் போல் கிடக்கிற கல் என்பார்கள். பத்மகிரி என்று புராண மணம் கமழும் பெயரும் அதற்கு உண்டு. திண்டு என்றதும் சாய்ந்துகொள்ள வசதியான பொருள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்தத் திண்டில் சாய முயன்றவர்கள் எத்தனையோ பேர். நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர்கள் அதிகம் இல்லை.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறி உச்சிக்குப் போய் நின்று பாருங்கள். கிழக்கே சிறுமலை, வாழைப்பழத்துக்குப் பெயர்போன மலை, நீலச் சுவராக நிற்கும். மேற்கே பழனி மலைத்தொடர். அதன் தோளில்தான் கொடைக்கானல். இரண்டுக்கும் இடையில் விரிந்து கிடக்கிறது சமவெளி. செம்மண் புழுதியும், மானாவாரிக் காடும், புகையிலைத் தோட்டமும், கிணற்றை நம்பிய வயலுமாக, மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்தே வாழ்கிற பூமி. குடகனாறு என்று ஒரு நதி வடக்கு நோக்கிப் போய் அமராவதியில் கலக்கிறது. அதில் தண்ணீர் ஓடுகிற நாட்களைவிட மணல் மட்டும் தெரிகிற நாட்கள்தாம் அதிகம். இந்தக் கடலில் அலை கிடையாது. ஆனால், காற்று உண்டு. மலையுச்சியில் அது வேட்டியைப் பிடித்து இழுக்கும்.

அங்கே நின்று பார்த்தால் சரித்திரத்தின் முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடும். இரண்டு மலைகளுக்கும் நடுவே இருப்பது ஓர் இடைவெளி. கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குப் படை நடத்துகிறவன் இதன் வழியாகத்தான் வர வேண்டும். மைசூரிலிருந்து இறங்கி வருகிறவனுக்கும் வேறு நல்ல வழி இல்லை. எனவே, பாறை யார் கையில் இருக்கிறதோ, மதுரையின் வாசல் சாவி அவர் கையில் இருக்கிறது. பூட்டுக்குப் பெயர் வாங்கிய ஊர், பூட்டுச் செய்யத் தொடங்கும் முன்பே தானே ஒரு பூட்டாக இருந்திருக்கிறது!

இதை நன்றாக உணர்ந்தவர் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். 1605-இல் அவர் பாறையின் மேல் கோட்டை எழுப்பினார். பின்னால் வந்த திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். வீண் கவலை அல்ல அது. 1656-இல் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக் கோணிகளில் கட்டி அனுப்பியது. 'மூக்கறுப்புப் போர்' என்று சரித்திரம் அதற்குப் பெயரிட்டிருக்கிறது. ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் அறுத்தார்களாம். முதுமையும் நோயுமாக இருந்த திருமலை நாயக்கருக்கு அன்று கைகொடுத்தவர் ராமநாதபுரம் சேதுபதி. படையை விரட்டியடித்த பிறகு பதிலுக்கு மைசூர் எல்லையிலும் மூக்குகள் அறுபட்டன. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மூக்கை இழந்து வீட்டுக்குத் திரும்பிய குடியானவனுக்கும் அது முக்கியமாகப் பட்டிருக்காது.

நாயக்கர் ஆட்சி 1736-இல் சந்தா சாகிபின் சூழ்ச்சியில் முடிந்தது. பாறை சில காலம் கைமாறிக் கைமாறி, இறுதியில் மைசூர் வசம் போயிற்று. 1755-இல் மைசூர் அரசு இங்கே ஒரு பௌஜ்தாரை அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால், மனிதரை எடைபோடத் தெரிந்தவர். பெயர் ஹைதர் அலி. பாளையக்காரர்களை அடக்கியதும், பணம் சேர்த்ததும், பிரெஞ்சுக்காரர்களை அமர்த்திப் பீரங்கியும் வெடிமருந்தும் செய்ய ஆலை வைத்ததும் இந்த ஊரில்தான். ஆறே வருஷத்தில், 1761-இல், அவர் மைசூருக்கே அதிபதி ஆகிவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிம்மாசனத்துக்குப் போகும் படிக்கட்டு திண்டுக்கல் பாறையில் வெட்டப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹைதரின் பெயரைச் சொன்னதும், மலைமேல் இருக்கும் கோயிலைக் காட்டிச் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். உச்சியில் கற்கோயில் இருக்கிறது. தூண்களும் சிற்பங்களும் இருக்கின்றன. கருவறையில் மூர்த்தி இல்லை. காளஹஸ்தீசுவரரும் அபிராமியும் பத்மகிரிநாதரும் ஊருக்குள் அபிராமியம்மன் கோயிலில் குடியிருக்கிறார்கள். மைசூரார் காலத்தில் கீழே இறக்கப்பட்டார்கள் என்பது ஊர் வழக்கு. மதத் துவேஷம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட என் மனம் இடம் தரவில்லை. பீரங்கியும் மருந்துக் கிடங்கும் இருக்கிற கோட்டைக்குள், பக்தன் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஏறி வரலாம் என்றால் எந்தத் தளபதிதான் சம்மதிப்பான்? இடிக்க நினைத்தவர்களாக இருந்தால் அந்தத் தூண்கள் இன்று நின்றிருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மையான கடல்முனையும் இருக்கிறது. இலங்கையில் திருக்கோணமலை. அங்கே கடலுக்குள் நீட்டிய செங்குத்துப் பாறையின் மேல் கோணேசர் ஆலயம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் அதைத் தகர்த்து, அந்தக் கற்களையே கொண்டு கோட்டை கட்டினார்கள். கோணேசர் மீண்டும் கோயில் கொள்ள முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பாறையையும் இந்தப் பாறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆண்டவன் விரும்பும் உயரமும் ஆள்பவன் விரும்பும் உயரமும் ஒன்றாக இருப்பதே எல்லா வம்புக்கும் மூலம் என்று விளங்கும். திருக்கோணமலையில் கடவுளின் வீட்டை இடித்தார்கள். இங்கே கடவுளைக் குடிபெயரச் சொன்னார்கள். இரண்டும் நியாயம் அல்ல. ஆனால், இரண்டும் ஒன்றும் அல்ல.

ஹைதரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயர் படையாலும் நவாபு படையாலும் கொல்லப்பட்டபோது, அவர் மனைவி வேலு நாச்சியார் பெண் குழந்தையுடன் ஓடி வந்தது இந்தத் திண்டுக்கல் சீமைக்குத்தான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். ஹைதர் படை தந்தார். எட்டு ஆண்டு காத்திருந்து, 1780-இல் நாச்சியார் தம் நாட்டை மீட்டார். ஊரின் தெற்கே பேகம்பூரில் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் உறங்குகிறார் என்று சொல்லி இன்றும் அந்த இடத்தைப் போற்றுகிறார்கள். அபிராமியின் ஊரும் பேகத்தின் ஊரும் ஒரே பாறையின் நிழலில்தான் இருக்கின்றன.

பிறகு வந்தது கும்பினிப் படை. 1767-இல் பிடித்தார்கள்; அடுத்த வருஷமே ஹைதர் மீட்டுக்கொண்டார். 1783-இல் மறுபடி பிடித்தார்கள். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் வந்து முற்றுகையிட்டார். முதல் தாக்குதலைக் கோட்டையில் இருந்தவர்கள் முறியடித்தார்கள். ஆனால், அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியாமல் சரணடைந்தார்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தம் பாதி ராஜ்யத்தோடு திண்டுக்கல்லையும் இழந்தார். ஒரு சிறுவனின் கையிலிருந்து இன்னொரு சிறுவன் பம்பரத்தைப் பிடுங்குவது போல இருபத்தைந்து வருஷம்!

பம்பரத்துக்கு வலிக்காது, மண்ணுக்கு வலிக்கும். ஒவ்வொரு முறை கொடி மாறியபோதும் சமவெளியின் குடியானவன் புதியவனுக்கும் வரி கட்டினான். கடைசியில் கோபால நாயக்கர் பொறுக்கவில்லை. பாளையக்காரர்களை ஒன்று திரட்டினார். 1800-இல் விருப்பாட்சியில் கூடி, கோயம்புத்தூரில் இருந்த கும்பினிப் படையைத் தாக்கத் திட்டம் வகுத்தார்கள். திட்டம் வெளிப்பட்டுவிட்டது. 1801-இல் கோபால நாயக்கரைப் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். வேலு நாச்சியாருக்கு நிழல் தந்த மனிதருக்கு ஒளிந்துகொள்ள ஒரு நிழல் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு பாறைக்கு வேலை குறைந்தது. 1875-இல் ரயில் வந்தது. கணவாயைக் காக்கக் கோட்டை வேண்டியதில்லை, சிக்னல் கம்பமே போதும் என்றாகிவிட்டது. ஊர் புகையிலையிலும் தோலிலும் பூட்டிலும் சம்பாதிக்கக் கற்றுக்கொண்டது. 1985-இல் தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆயிற்று. இப்போது கோட்டை தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஏறலாம். பிள்ளைகள் மருந்துக் கிடங்குக்குள் எதிரொலி கேட்கக் கூவுகிறார்கள். சிறைக்கூடத்து வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சிறைக்கூடத்துக்கு அதைவிட நல்ல கதி கிடைக்குமா?

ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். கட்டியவர் பெயரையும் பிடித்தவர் பெயரையும் ஏறிவருகிற பலர் சொல்லுகிறார்கள். பாறையின் காலடியில் தூக்கிலே தொங்கியவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இந்தப் பத்மகிரிநாதருக்குத் தென்றலையே தூது அனுப்பி ஒரு பிரபந்தம் பாடியிருக்கிறார். அடுத்த முறை நீங்கள் ஏறும்போது, மேற்கே விருப்பாட்சி இருக்கிற திசையைக் குழந்தைகளுக்குக் காட்டி, கோபால நாயக்கர் என்ற பெயரை ஒரு தரம் உரக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். உச்சியில் எப்போதும் காற்று அடிக்கிறது. கொண்டு சேர்க்கும்.